வலப்பக்கம் திரும்பினால்

ஜனவரி 3, புதன்

மருந்துக் கம்பெனி ரெப் கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு மருந்து விளம்பரம். இன்றைய பக்கத்துக்கு வாய்வுத் தொல்லை வாய்த்திருக்கிறது. இருபத்திரண்டு வருடமாக மருந்துக் கடையில் நிற்கிறேன். வருடத்துக்கு நான்கு டைரியாவது வரும், அத்தனையையும் யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடுவேன். இந்த வருடம் ஒன்றை வைத்துக்கொண்டேன். காரணம் ஒன்றும் இல்லை.

காலையில் புரண்டு படுத்தபோது அறை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. எழுந்து உட்கார்ந்ததும் சரியாகிவிட்டது. நேற்றைய பரோட்டாவாக இருக்கும். போன மாதமும் இரண்டு தடவை பரோட்டாவாகத்தான் இருந்தது.

செய்ய வேண்டியது: கேஸ் புக் செய்வது எப்படி என்று வீட்டுக்காரருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஜனவரி 6, சனி

கடைக்குச் சுடலைவடிவு அக்கா வந்தாள். பஸ் ஸ்டாண்டு வாசலில் பூ விற்கிறவள். கையில் அதே பழைய சீட்டு. மடித்து மடித்து, மடிப்பில் எழுத்தே போய்விட்டது.

"யம்மா பொற்கொடி, அந்த வெள்ள மாத்திரையக் குடு. குனிஞ்சு நிமுந்தா சுத்துது."

"யக்கா, இது மூணு வருசத்துக்கு முந்தின சீட்டு. தல சுத்துறதுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். நீயா மாத்திரயப் போட்டு அமுக்கிக்கிட்டே இருந்தா உள்ள என்ன இருக்குன்னு வெளிய தெரியாமலே போயிரும்."

"சரி சரி, இந்த ஒரு அட்ட மட்டும் குடு."

ஒவ்வொரு மாதமும் அந்த ஒரு அட்டை மட்டும்தான். திட்டிக்கொண்டே கொடுத்தேன். ஆறு வருடமாக, தலைசுற்றல் என்று யார் வந்தாலும் இந்தப் பேச்சைப் பேசுகிறேன். அழகாகப் பேசுவேன், நானே கேட்டு மெச்சிக்கொள்ளலாம்.

அதே பெட்டியில் ஓர் அட்டை ஓரம் நசுங்கிக் கிடந்தது. ஆளுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. காசைக் கல்லாவில் போட்டுவிட்டு வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

ஜனவரி 9, செவ்வாய்

இன்று சுற்றவில்லை. நல்ல தூக்கம். கடையிலும் கொஞ்சம் தூக்கம்.

ஜனவரி 10, புதன்

மேல்தட்டில் இருந்த சிரப் பாட்டில்கள் அத்தனையையும் கீழ்த்தட்டுக்கு இறக்கினேன். அண்ணாந்து எடுப்பது தொல்லையாக இருக்கிறது. நேற்று முன்தினம் இருமல் மருந்தை எடுக்கத் தலையைத் தூக்கியவள், அலமாரியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருபது நொடிகூட இருக்காது.

முதலாளி செல்லத்துரை அண்ணாச்சி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, கடையவே தலகீழா மாத்துத?"

"மேல வெயில் அடிக்கி அண்ணாச்சி. சிரப்பு கெட்டுப்போயிரும்."

"மார்கழில என்ன வெயிலு?"

நான் பாட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தேன், அவர் கல்லாவுக்குத் திரும்பினார். இருபத்திரண்டு வருடம் ஒரே இடத்தில் வேலை பார்த்தால் இந்த மரியாதை கிடைக்கும்.

ஜனவரி 14, ஞாயிறு

இன்று இவருக்கு ரசம் வைக்கக் கற்றுக்கொடுத்தேன். தவசிலிங்கம் என்கிற இந்த மனிதர் ஊரில் எல்லாருடைய விலாசத்தையும் மனப்பாடமாக வைத்திருக்கிற தபால்காரர். சொந்த வீட்டில் பெருங்காய டப்பாவின் விலாசம் ஐம்பத்தாறு வயது வரை தெரியாமல் இருந்திருக்கிறார்.

"எதுக்கு இப்ப இதெல்லாம்?"

"கத்துக்கிட்டா கொம்பா முளைக்கும்?"

புளியைக் கரைக்கச் சொன்னால் துணி துவைக்கிற மாதிரி பிசைகிறார். சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன். கடுகு வெடித்ததும் ஒரு எட்டு பின்னால் போனார். ரசம் என்று சொல்லிவிட முடியாது. சூடாக இருந்தது.

ஜனவரி 15, திங்கள். பொங்கல்

அண்ணன் இருந்தவரை பொங்கலுக்கு முந்தின நாளே கரும்பும் பானையும் மஞ்சள்குலையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து நிற்பார். தங்கச்சிக்குப் பொங்கல்படி. ஆறு வருடமாகக் கரும்பைக் கடையில் வாங்குகிறோம்.

அண்ணனுக்கும் இப்படித்தான் தலைசுற்றலில் ஆரம்பித்தது. பிறகு மூளையில் கட்டி என்றார்கள். எட்டு மாதம். அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

ஜனவரி 20, சனி

ஒன்று கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தொல்லை இல்லை. ஒரு மாதத்துக்கும் மேலாக அப்படித்தான் படுக்கிறேன். இடப்பக்கம் பீரோ. அதில் மகள் நிறைமதி மூன்றாம் வகுப்பில் ஒட்டிய கிளி ஸ்டிக்கர் இருக்கிறது. ஒரு சிறகு உரிந்துவிட்டது.

வலப்பக்கம் இவர். தலையணையில் தலை பட்டதும் தூங்குகிற ஆள். நான் எந்தப் பக்கம் பார்த்துப் படுக்கிறேன் என்றெல்லாம் கவனித்திருக்க மாட்டார்.

ஜனவரி 23, செவ்வாய்

வங்கிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் போனேன். போகிற வழியில் எங்கேயாவது விழுந்துவைத்தால் அசிங்கம் என்று முன்னேற்பாட்டோடுதான் கிளம்பினேன்.

டாக்டர் ஷமீமா. வயது முப்பதுகூட இருக்காது. என் மகள் மாதிரி இருக்கிறது, இது என்னத்தைக் கண்டுபிடிக்கப்போகிறது என்று நினைத்தேன். ஆனால் கேட்ட கேள்விகள் நல்ல கேள்விகள். காது கேட்கிறதா, இரைச்சல் உண்டா, பார்வை இரண்டாகத் தெரிகிறதா, பேச்சுக் குழறுகிறதா, கைகால் மரத்துப்போகிறதா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"மருந்தாளுநர்."

"அப்படியா!" என்று சிரித்தார். "அப்ப உங்களுக்கு நான் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல. மாத்திரை ஏதும் எடுக்கறீங்களா?"

"இல்ல" என்றேன்.

கட்டிலில் உட்கார வைத்து, தலையை வலப்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, சட்டென்று மல்லாக்கச் சாய்த்தார். தலை கட்டிலின் விளிம்புக்கு வெளியே தொங்கியது. கண்ணை மூடக் கூடாது என்றார். லேசாக ஓர் ஆட்டம் வந்த மாதிரி இருந்தது, போய்விட்டது. என் கண்ணையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர் நெற்றியைச் சுருக்கினார். இடப்பக்கமும் பார்த்தார்.

"நீங்க சொல்றதக் கேட்டா காதுலேர்ந்து வர்ற சுத்தல் மாதிரிதான் இருக்கு. அப்படின்னா இந்த மாதிரி சாய்க்கும்போது கண்ணு ஆடிக் காட்டிக்கொடுத்துரும். உங்களுக்கு ஆடல. ரெண்டு வாரம் கழிச்சு வாங்க. எந்தப் பக்கம் திரும்பினா வருது, எத்தன செகண்டு நிக்குதுன்னு எழுதிட்டு வாங்க. அப்பவும் தெரியலைன்னா ஒரு ஸ்கேன் பாத்துரலாம்."

அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. காது இல்லையென்றால் பிறகு எது என்று எனக்குத் தெரியும்.

ஜனவரி 24, புதன்

பீரோவைத் திறந்து இவரிடம் காட்டினேன். இன்ஷூரன்ஸ் பத்திரம் பச்சை உறையில். வீட்டுப் பத்திரம் சேலைக்கு அடியில். நிறைமதிக்கு எடுத்து வைத்த நகை எந்த டப்பாவில். கேஸ் புத்தகம், ரேஷன் கார்டு.

"சரி" என்றார். பிறகு சமையலறைக்குப் போய் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். தபால்காரருக்கு வெயில் அலைச்சல்.

ஜனவரி 27, சனி

சுடலைவடிவு அக்கா மறுபடியும் சீட்டை நீட்டினாள். இன்று கொடுக்கவில்லை. "காது டாக்டரப் பாத்துட்டு வா. அதுவரைக்கும் ஒரு மாத்திர கெடையாது" என்று ஷமீமா டாக்டரின் விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். கடை வாசலில் நின்று என்னை ஒரு பாட்டம் திட்டிவிட்டுப் போனாள். போகட்டும். அவளையாவது யாராவது நேரத்தோடு பார்க்கட்டும்.

பிப்ரவரி 1, வியாழன்

இவர் தனியாக ரசம் வைத்தார். உப்பு இல்லை. குடித்தேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

கோயம்புத்தூரிலிருந்து நிறைமதி போன் செய்தாள். எடுத்ததும் கேட்டாள்.

"ம்மா, அப்பாகூட என்ன சண்ட?"

"சண்டையா? அவர்கூட சண்ட போட ரெண்டு பேர் வேணும். அவர் வாயத் தொறந்தாத்தான?"

"வெளையாடாத. அப்பா எனக்குப் போன் பண்ணி அழுதாங்க. 'உங்கம்மா என்ன விட்டுட்டு எங்கயோ போகப்போறா போலிருக்கு. வீட்ட எங்கிட்ட ஒப்படைக்கா. அடுப்படிய ஒப்படைக்கா. ரெண்டு மாசமா எம் மொகத்தப் பாத்துப் படுக்கல. பீரோவப் பாத்துதான் படுக்கா. நான் என்ன தப்பு செஞ்சேன்னு கேட்டுச் சொல்லு'ன்னு கேக்காங்க."

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு, பால் பொங்குது என்று பொய் சொல்லிப் போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

கவனித்திருக்கிறார். தூங்குகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் என் முதுகைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். என்னவென்று போய்ச் சொல்வேன்? உங்களை விட்டுப் போகவில்லை, செத்துத்தான் போகப்போகிறேன் என்றா?

பிப்ரவரி 6, செவ்வாய்

இன்று டாக்டரிடம் மறுபடி போக வேண்டிய நாள். போகவில்லை. ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். எடுக்காதவரை தெரியாது. மருந்துக் கடைக்காரி பேசுகிற பேச்சா இது என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

மத்தியானம் சுடலைவடிவு அக்கா வந்தாள். கையில் சீட்டு இல்லை. இரண்டு முழம் பிச்சிப்பூ இருந்தது. அதை மேசையில் வைத்தாள்.

"இனிமே ஒன் மாத்திர எனக்கு வேண்டாம்."

"டாக்டரப் பாத்தியா?"

"பாத்தேன். என்ன மாத்திர போடுதியன்னு கேட்டா. எனக்கென்ன ஒளிவுமறைவு? அட்டையவே எடுத்துக் காட்டிட்டேன். அதப் போட்டுட்டு வந்தா ஒண்ணும் தெரியாது, கண்ணு ஆடாம மறைச்சிரும், மூணு நாளு விட்டுட்டு வான்னு அனுப்பிட்டா. மூணு நாளும் சுத்துன சுத்து எனக்குத்தான் தெரியும். பெறவு போனா, கட்டில்ல சாச்சுத் தலையத் தொங்கப் போட்டா பாரு! யாத்தே, கூரையே ராட்டினம் மாதிரி சுத்திச்சி. 'கண்ணு ஆடுது, கண்ணு ஆடுது'ன்னு அவளுக்கு ஒரே சந்தோசம். எனக்கு உசுரு போகுது, அவ சந்தோசப்படுதா!"

"பெறவு?"

"பெறவென்ன, தலைய இந்தப் பக்கம் திருப்பி, அந்தப் பக்கம் திருப்பி, ஆளையே ஒரு உருட்டு உருட்டி உக்கார வச்சா. போயிட்டு! காதுக்குள்ள மணலு மாதிரி என்னமோ இருக்காம். அது இருக்க வேண்டிய எடத்த விட்டுட்டு வேற குழாய்க்குள்ள விழுந்து கெடந்திருக்கு. உருட்டிப் பழைய எடத்துக்கே கொண்டு சேத்துட்டா. நீயே சொல்லு, மாத்திர போட்டா மணலு நவுருமா?"

பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

இனி உண்மையை எழுதுகிறேன். டாக்டர் பார்க்கும் டைரி இது. ஜனவரி 6 முதல் தினமும் காலையில் ஒரு மாத்திரை போடுகிறேன். அட்டை நசுங்கவெல்லாம் இல்லை, அந்த ஒன்றோடு நிற்கவும் இல்லை. டாக்டரிடம் போன அன்று இரண்டு போட்டேன். கேட்டபோது இல்லை என்றேன். மருந்தாளுநர் என்று சொன்ன வாயால், சீட்டில்லாமல் நானே எடுத்துப் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்ல முடியவில்லை. மானம் போய்விடும் என்று உயிரைப் பணயம் வைத்திருக்கிறேன்.

அண்ணனைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். அவர் தலை சுற்றுகிறது என்று டாக்டரிடம் போகவில்லை. என்னிடம் வந்தார். "எந் தங்கச்சி மருந்துக்கடையில இருக்கும்போது எனக்கெதுக்கு டாக்டரு?" என்பார். மூன்று மாதம் அவருக்கு மாத்திரை கொடுத்தது நான்தான். அதே வெள்ளை மாத்திரை.

இன்றிலிருந்து மாத்திரை இல்லை. வெள்ளிக்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டேன். தொலைபேசியில் டாக்டரிடமே சொன்னேன், "மாத்திர போட்டுட்டுத்தான் வந்தேன்" என்று. என்ன மாத்திரை, எத்தனை நாளாக என்று கேட்டுக்கொண்டார். பிறகு, "சொன்னதுக்கு நன்றி. நிறுத்திட்டு வாங்க. தனியா வராதீங்க" என்றார்.

பிப்ரவரி 7, புதன்

காலை 5.40. வலப்பக்கம் திரும்பினேன். 25 நொடி.
காலை 5.50. எழுந்து உட்கார்ந்தேன். 15 நொடி.
மாலை 6.10. துணி எடுக்க அண்ணாந்தேன். 20 நொடி.
இடப்பக்கம்: ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 8, வியாழன்

காலையில் திரும்பிப் பார்த்தேன், வேண்டுமென்றேதான், எண்ணுவதற்காக. சுவரும் மின்விசிறியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு ஓடின. கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இவர் எழுந்துவிட்டார்.

"ஏட்டி, என்ன செய்யுது? பொற்கொடி!"

சுற்றல் நின்றதும் எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை, டாக்டர், ஸ்கேன், அண்ணன். வலப்பக்கம் திரும்பினால்தான் வருகிறது, அதனால்தான் பீரோவைப் பார்த்துப் படுத்தேன் என்றேன். கேட்டுக்கொண்டே இருந்தார். கண் நிறைந்துவிட்டது. கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப நீ போகலியா?"

"எங்க?"

"எங்கயாவது."

"ஒங்க ரசத்தக் குடிச்சிட்டு நடக்கத் தெம்பு இருந்தால்ல போறதுக்கு" என்றேன். என் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். முப்பது வருடத்தில் முதல் முறையாக வேலைக்குத் தாமதமாகப் போனார்.

பிப்ரவரி 9, வெள்ளி

இரண்டு பேரும் போனோம். டைரியை டாக்டரிடம் நீட்டினேன். புதன்கிழமைப் பக்கத்தைத்தான் திறந்து கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, பழைய குறிப்பு உண்டா என்று பின்னால் புரட்டினார். புரட்டிப் புரட்டி ஜனவரி 23-க்குப் போய்விட்டார்.

"வயசு முப்பத்தி நாலு ஆகுதுங்க" என்றார் நிமிராமல்.

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது. இவர் என்னவென்று புரியாமல் டாக்டரைப் பார்த்துக் கும்பிட்டார்.

பிறகு அதே கட்டில். தலை வலப்பக்கம். சாய்த்தார். இரண்டு மூன்று நொடி ஒன்றுமில்லை. அப்புறம் வந்தது பாருங்கள். சுடலைவடிவு அக்கா ராட்டினம் என்று சொன்னது ஒன்றும் மிகை இல்லை. கண்ணை மூடாதீங்க, மூடாதீங்க என்கிறார் டாக்டர். நான் இவர் சட்டைக் கையைப் பிடித்துக் கிழிக்காத குறை.

"ஆடுது! நல்லா ஆடுது. சார், இங்க வந்து உங்க வீட்டம்மா கண்ணப் பாருங்க."

இவர் குனிந்து பார்த்தார். அவர் முகமும் சேர்ந்து சுற்றியது.

"வலது காதுதான். சந்தேகமே இல்ல" என்றார் டாக்டர். அந்தச் சந்தோஷம் எனக்கும் தொற்றிக்கொண்டது. உலகமே சுற்றிக்கொண்டிருக்க, நான் மல்லாந்து கிடந்து சிரித்தேன்.

சுற்றல் நின்றதும் தலையை மெல்ல இடப்பக்கம் திருப்பினார். காத்திருந்தார். உடம்போடு இடப்பக்கம் புரளச் சொல்லி, முகத்தைத் தரையைப் பார்க்க வைத்தார். மறுபடி காத்திருந்தார். பிறகு உட்கார வைத்தார். ஐந்து நிமிடம் இருக்கும். ஓர் ஊசி இல்லை, மாத்திரை இல்லை. சற்று நேரம் விட்டு மறுபடி வலப்பக்கம் சாய்த்துப் பார்த்தார். கூரை கூரையாகவே இருந்தது.

அண்ணனைப் பற்றிய பக்கத்தையும் அவர் படித்திருக்க வேண்டும். சீட்டு எழுதிக்கொண்டே கேட்டார்.

"உங்க அண்ணனுக்குத் தலைவலி இருந்துச்சா? நடக்கும்போது சாஞ்சாரா?"

"ரெண்டும் இருந்துது. காலைல வாந்தியும் இருந்துது. எங்கிட்ட சொல்லல."

"உங்களுக்கு அது எதுவும் இல்ல. அது வேற, இது வேற." பேனாவை மூடினார். "அவர் மூணு மாசம் முந்தி டாக்டர்கிட்ட போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்லி உங்கள ஆறுதல்படுத்தவும் மாட்டேன். ஆனா நீங்க குடுத்த மாத்திரையால அந்தக் கட்டி வரல. அது எனக்கு நல்லாத் தெரியும்."

ஆறு வருடமாக யாரிடமாவது கேட்க நினைத்தது. கேட்காமலே பதில் வந்துவிட்டது. அழுதேன். டாக்டர் பஞ்சு எடுத்துக் கொடுத்தார், காதுக்கு வைக்கிற பஞ்சு.

இது மறுபடி வரலாமாம். வந்தால் மறுபடி உருட்டிவிடலாமாம்.

பிப்ரவரி 10, சனி

சிரப் பாட்டில்களை மேல்தட்டில் ஏற்றினேன். ஒவ்வொன்றுக்கும் நன்றாக அண்ணாந்தேன்.

"வெயில் போயிட்டாம்மா?" என்றார் அண்ணாச்சி.

"போயிட்டு அண்ணாச்சி."

மாலையில் ஒரு வயசாளி தலைசுற்றலுக்கு மாத்திரை கேட்டு வந்தார். பழைய பேச்சைப் பேசவில்லை. மேசைக்கு வெளியே போய், அவரை நாற்காலியில் உட்கார வைத்து, எந்தப் பக்கம் திரும்பினால் வருகிறது என்று கேட்டேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

இவர் சாம்பார் கற்றுக்கொடு என்கிறார். ருசி கண்டுவிட்டார். பெருங்காயத்தைக் கேட்காமலே எடுத்தார்.

சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் படுத்தோம். பழக்கத்தில் பீரோவைப் பார்த்துத்தான் படுத்தேன். கிளி ஒற்றைச் சிறகோடு என்னைப் பார்த்தது. பின்னால் இவர் மூச்சுச் சத்தம். தூங்குகிற மூச்சு இல்லை, இப்போது எனக்கு வித்தியாசம் தெரிகிறது.

பயமாகத்தான் இருந்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, வலப்பக்கம் திரும்பினேன். ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். இவர் கண்ணைத் திறந்துகொண்டுதான் படுத்திருந்தார். முகத்தில் சோப்பைச் சரியாகக் கழுவாத ஓர் இடம், காதோரம் நரைத்த முடி, மூக்கில் கண்ணாடித் தழும்பு. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. இருபத்தைந்து, இருபத்தாறு.

"சுத்துதா?" என்றார்.

"பேசாதிய. எண்ணுதேன்."

முப்பது வரை எண்ணினேன். பிறகு சட்டத்தை விட்டுவிட்டேன்.